டர்போவைக் கொன்றது எது?

ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றியதும் டர்போவின் வாய் தெரியும். உள்ளே சிறிய அலுமினியச் சக்கரம், அதன் நடுவில் ஒரு நட். மெக்கானிக் இரண்டு விரல்களால் அந்த நட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவார். லேசாக ஆடும். "ஷாஃப்ட்ல பிளே இருக்கு சார், டர்போ போயிடுச்சு" என்பார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் செலவைப் பற்றித்தான். புதுசு போடலாமா, கோர் மட்டும் மாற்றலாமா, தெரிந்த பட்டறையில் கொடுத்து புஷ் போட்டு வாங்கிவிடலாமா?

அந்த ஆட்டத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பெட்டியைப் பிரித்து இப்போதுதான் வெளியே எடுத்த புது டர்போவின் ஷாஃப்டும் பெரும்பாலும் மேலும் கீழும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆடக்கூடாத திசை வேறு. ஷாஃப்டை நீளவாக்கில் உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் அசைவு கைக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டும். பெரும்பாலான கார் டர்போக்களில் அதற்கான அனுமதி 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு திசையில் ஆட்டம் ஏன் தேவை, இன்னொரு திசையில் ஏன் ஆபத்து என்று புரிந்துவிட்டால், பழையதைப் பிரித்துச் சரிசெய்வதா புதியதை வாங்குவதா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம், அதே ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தலாம் என்ற யோசனைக்கு 1905-இல் காப்புரிமை கேட்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூஹி. யோசனை பலித்துப் பயனுக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920-களின் நடுவில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் டீசல் என்ஜின்களின் திறன் டர்போவால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தது. அதற்கு முன்பே, 1918-இல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான என்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோ மாநிலத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குப் போனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தரும் அந்த என்ஜின், உச்சியின் மெல்லிய காற்றில் 230-க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்கள் 1962-இல் அமெரிக்காவில் வெளியான ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் செவ்ரலே கோர்வேரின் ஒரு வகையும். இந்தியாவில் டர்போ தயாரிப்பு வேர்விட்ட இடங்களில் சென்னையும் ஒன்று. டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-இல் அங்கே தொடங்கப்பட்டது.

அந்தச் சக்கரங்கள் சுழலும் வேகத்தைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். சிறிய டீசல் காரின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டும். நொடிக்கு 3,300-க்கு மேல். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு அப்போது நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. காற்றில் ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். விளிம்பில் இருக்கும் 1 கிராம் உலோகம் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமம். புகைப்பக்கச் சக்கரத்துக்கு டீசல் காரில் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வந்து சேரும். பெட்ரோல் காரில் 1,000 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டிலும் வலு குறையாத நிக்கல் உலோகக் கலவையில் அந்தச் சக்கரத்தை வார்த்து, எஃகு ஷாஃப்டோடு பற்றவைக்கிறார்கள். மறுமுனையில் இருப்பதோ சாதாரண அலுமினியம். நடுவில் இருக்கும் தூரம் சில சென்டிமீட்டர்.

இவ்வளவு வேகத்தில் சுழலும் ஷாஃப்டைத் தாங்குவது எது? பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. வெண்கலத்தாலோ பித்தளையாலோ ஆன சின்ன புஷ்களும், அவற்றைச் சுற்றி என்ஜின் ஆயிலும் மட்டுமே. ஓடும்போது ஷாஃப்ட் எந்த உலோகத்தையும் தொடுவதில்லை. ஆயில் படலத்தின் மேல் நிற்கிறது. இது எப்படி முடியும் என்பதை முதலில் காட்டியது டர்போவுக்கும் முந்தைய ஒரு சோதனை. 1883-இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சைத் தாங்குவது போன்ற ஒரு தாங்கியில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கென்று ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. கார்க்கைச் செருகினார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது முள் அதன் எல்லையையே தாண்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தைக் கொடுத்தார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் செலுத்துகிறது. போக இடமில்லாத எண்ணெயில் அழுத்தம் ஏறி, அச்சையே தூக்கிப் பிடிக்கிறது.

டர்போவில் இதையே இரண்டு அடுக்காக வைத்திருக்கிறார்கள். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இன்னொன்று. புஷ்ஷும் ஷாஃப்டைவிட மெதுவாகச் சுற்றிக்கொண்டே மிதக்கிறது. வெளிப்படலம் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது. என்ஜின் நின்று ஆயில் வடிந்த நிலையில் விரலால் ஆட்டினால், இந்த இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து, ஷாஃப்டின் நுனியில் பெருகித் தெரிகின்றன. மெக்கானிக்கின் கைக்குப் பட்ட 'பிளே' அதுதான். ஆட்டும்போது சக்கரத்தின் இறகு வெளிக்கூட்டைத் தொட்டு உரசினால்தான் கவலைப்பட வேண்டும். நீளவாக்கு அசைவின் கதை வேறு. இரண்டு சக்கரங்களின் மீதும் படும் வாயு அழுத்தம் ஒருபோதும் சரிசமமாக இருக்காது. மிச்ச விசை முழுவதையும் த்ரஸ்ட் பேரிங் என்ற ஒரு சிறு தகடு ஏற்கிறது. அது தேய்ந்தால் சக்கரம் முன்னோ பின்னோ நகர்ந்து கூட்டில் உரசும். பிறகு சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டர்போவில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள்தான் ஆயிலை உள்ளே நிறுத்துகின்றன. அவையும் முழுதாக அடைப்பதில்லை. சக்கரங்களின் பக்கத்தில் காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஆயில் உள்பக்கமே தங்கிவிடுகிறது. அது கீழே உள்ள தடித்த குழாய் வழியே, பம்ப் எதுவும் இல்லாமல், என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தானாக விழ வேண்டும். அந்தக் குழாய் கரி படிந்து அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க்கேஸில் வாயு அழுத்தம் கூடினாலோ, ஆயில் கீழே இறங்க முடியாமல் இரண்டு பக்கமும் வழியும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே விளைவுதான். உறிஞ்சப்படும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து ஆயிலை இழுக்கும். "டர்போ ஆயில் அடிக்குது" என்று கழற்றப்படுபவற்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவை. டர்போவின் மேல் எந்தத் தவறும் இருக்காது. புதியதைப் போட்டாலும் அதுவும் ஆயில் அடிக்கும்.

பிக்கப் இல்லை என்ற புகாரிலும் இதே குழப்பம். ஸ்கேனரில் பி 0299 என்ற குறியீடு வந்தால் அதற்குப் பொருள், எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே; டர்போ கெட்டுவிட்டது என்பதல்ல. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயில் வெடிப்பு, தவறான அளவு சொல்லும் சென்சார் என்று குறைந்த செலவில் தீரக்கூடிய காரணங்கள் பல உண்டு. காற்றுப் பாதையில் புகையை அடைத்துக் கசிவைத் தேடும் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் டர்போவைக் கழற்றச் சொல்லும் ஒர்க் ஷாப்பில் வண்டியை விடாதீர்கள் என்றே சொல்வேன். இன்டர்கூலர் ஹோஸின் உள்பக்கம் லேசான எண்ணெய்ப் பசை இருப்பதைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். கிராங்க்கேஸ் வாயுவோடு வரும் ஆயில் துளிகள் அவை. டீசலில் அது இயல்பு. ஹோஸைக் கழற்றும்போது ஆயில் வழிந்து ஊற்றினால்தான் விஷயம்.

சில அறிகுறிகளுக்கோ காத்திருக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் சைரன் போன்ற ஊளை, உலோகம் உரசும் சத்தம், கூடவே நீலப் புகை. இந்த நிலையில் "ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டினால் சரிசெய்யக்கூடிய டர்போ குப்பைக்குப் போகும். டீசலில் அதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. ஷாஃப்ட் உடைந்து ஆயில் காற்றுப் பாதையில் கொட்டினால் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால், பிரேக்கை அழுத்தி மிதித்தபடி மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தப் பார்க்கலாம். பானட்டைத் திறந்து கையை நீட்டவே கூடாது.

சரி, டர்போ உண்மையிலேயே கெட்டிருக்கிறது. இப்போது அதைப் பிரித்துக் காயங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு காரணமும் தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. ஷாஃப்டில் நீலமும் கருஞ்சிவப்புமாகச் சூட்டுத் தடம் இருந்தால் ஆயில் போதவில்லை. நிறம் மாறாமல் சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயில் வந்தது, அழுக்கோடு வந்தது. படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதைவிடப் பெரிய கரித்துகள் வந்தால் புஷ்ஷை ராவிவிடும். புகைப்பக்கம் ஆயில் தடத்தில் கெட்டியான கரி படிந்திருந்தால், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே என்ஜினை நிறுத்தும் பழக்கமோ, மாற்ற வேண்டிய காலம் கடந்த ஆயிலோ காரணம். ஓட்டம் நின்றதும் ஆயிலும் நிற்கிறது. பழுக்கச் சூடேறிய சக்கரத்தின் வெப்பம் ஷாஃப்ட் வழியே இறங்கி, நின்றுபோன ஆயிலை வேகவைத்துக் கரியாக்குகிறது. சுங்கச்சாவடியையோ ஊர் எல்லையையோ தாண்டியதும் கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தாலே இது குறையும்.

காற்றுப்பக்க இறகுகளின் முன்விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே மண் போயிருக்கிறது. ஒரு இறகு மடங்கியிருந்தால் போல்ட்டோ வாஷரோ உள்ளே விழுந்திருக்கிறது. அலுமினியச் சக்கரத்தின் பின்புறம் சொரசொரப்பாகி இருந்தால் அது எல்லை மீறிய வேகத்தின் அடையாளம். ஹோஸில் கசிவு இருக்கும்போது, கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று கணினி டர்போவை மேலும் மேலும் விரட்டியிருக்கும். புகைப்பக்க இறகுகள் அடிபட்டிருந்தால் அடித்த பொருள் என்ஜினிலிருந்தே வந்தது: க்ளோ பிளக்கின் முனை, இன்ஜெக்டரின் முனை, வால்வின் துண்டு. அந்த நிலையில் டர்போவுக்கு விலை கேட்பதற்கு முன் சிலிண்டர் ஹெட்டைப் பார்க்க வேண்டும்.

காரணத்தைத் தேடாமல் டர்போவை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய பாடம் நடந்தது. 2000-களின் முற்பாதியில் பெஜோ-சிட்ரோயன் குழுமமும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் டீசல் என்ஜின் பெஜோ, சிட்ரோயன், ஃபோர்ட் ஃபோக்கஸ், வால்வோ, மாஸ்டா 3, மினி என்று பல கார்களில் போனது. சிக்கனமான, நல்ல ஓட்டமுள்ள என்ஜின். ஆனால் அதன் டர்போக்கள் கெட்டன. மாற்றிய டர்போக்களும் கெட்டன. சில வண்டிகளில் புதியது போட்டுச் சில நாள்களுக்குள் அதுவும் போனது. பட்டறைகள் டர்போவைக் குறை சொல்ல, டர்போவைச் செய்தவர்கள் திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். ஷாஃப்டில் நீலத் தடம். ஆயில் வரவேயில்லை.

ஏன் வரவில்லை என்ற தேடல் டர்போவிலிருந்து வெகு தூரத்தில் போய் நின்றது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் உண்டு. அது சரியாக உட்காராவிட்டால் எரியும் வாயு மெல்லக் கசிந்து வந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படியும். ஆயிலுக்குள்ளும் கரியைச் சேர்க்கும். ஆயில் மாற்றும் இடைவெளியும் நீளமாக இருந்தது. கரி கெட்டித்து, சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் படிந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டுக்குள் இன்னொரு நுண்ணிய வடிகட்டி வலை இருந்தது. டர்போவைக் காப்பதற்காக வைத்த அந்த வலையே கரியால் அடைபட்டு, டர்போவைப் பட்டினி போட்டது. புதிய டர்போ, பழைய குழாய், பழைய போல்ட், சம்ப்பில் பழைய கரி. முதல் ஓட்டத்திலேயே இளகிய கரி மறுபடியும் வலையில் வந்து உட்காரும்.

விடை தெரிந்த பிறகு வேலையின் பட்டியலே மாறியது. இன்ஜெக்டர் வாஷர்களை மாற்று, சம்ப்பை இறக்கிக் கழுவு, உறிஞ்சு வலையை மாற்று, ஆயில் குழாயையும் போல்ட்டையும் புதிதாகப் போடு, பிறகு ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆயில் வருகிறது என்று அள. இவற்றைச் செய்ததற்குச் சான்று இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று டர்போ விற்பவர்கள் எழுதிக் கேட்கத் தொடங்கினார்கள். எல்லா டர்போ வேலைக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும் என்பது என் கருத்து. கடைசி அளவு மிக எளிது. கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் நம் பட்டறைகளில் அது அபூர்வமாகவே நடக்கிறது.

இனி விலை பேசலாம். 'ரீகண்டிஷன்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, ரிப்பேர் கிட் வாங்கி புஷ், த்ரஸ்ட் பேரிங், வளையங்களை மட்டும் மாற்றிக் கையால் பூட்டுவது. இரண்டாவது, நடுப்பகுதி முழுவதையும், அதாவது ஷாஃப்ட், இரண்டு சக்கரங்கள், பேரிங் கூடு ஆகியவற்றை ஒன்றாகப் பூட்டிச் சமன் செய்த புதிய கோராக வாங்கி, பழைய வெளிக்கூடுகளுக்குள் பொருத்துவது. கார்ட்ரிட்ஜ் என்பதும் இதுவே. மூன்றாவது, தயாரிப்பாளரே பழையதை வாங்கிக்கொண்டு, முழுதாகப் புதுப்பித்துச் சோதித்த இன்னொன்றை மாற்றாகத் தருவது.

முதல் வகையை நான் ஏற்பதில்லை. காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஷாஃப்டின் மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி வெறும் 0.01 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றில் அது ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை ஏறக்குறைய 6.7 கிலோ எடை; அந்த இழுப்பு நொடிக்கு 3,300 முறை திசை சுற்றி வரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பதால், மெதுவாகச் சுற்றிப் பார்க்கையில் எதுவுமே தெரியாது. சக்கரத்தையும் நட்டையும் முன்பு இருந்த அதே இடத்தில் குறிவைத்துப் பூட்டினால் போதும் என்பார்கள். நட்டை முறுக்கும்போது ஷாஃப்ட் வளையும் துளி வளைவே அந்த 0.01 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே பூட்டி முடித்த கோரை, சூடான ஆயிலை அழுத்தத்தோடு செலுத்தி, அது உண்மையில் ஓடும் வேகத்தை ஒட்டிச் சுழற்றி அதிர்வை அளக்கும் இயந்திரம் வேண்டும். அதிர்வு கூடுதலாக இருக்கும் திசையில் நட்டின் பக்கத்தில் துளித் துளியாக ராவிச் சமன் செய்வார்கள். இயந்திரம் முடிவை வரைபடமாக அச்சிட்டுத் தரும். அந்த வரைபடம், உங்கள் கோரின் எண்ணோடு, கையில் வராவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் கடைந்து, மேலே குரோமியம் பூசிச் சரிசெய்து தருவதாகச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். ஷாஃப்டின் கடினமான மேற்பரப்பைக் கடைந்தெடுத்த பிறகு மிஞ்சுவது வேறு உலோகத்தின் குணம்.

சமன் செய்ததற்கான நல்ல சான்றோடு கோர் கிடைத்தால், வெளிக்கூடுகள் சேதமின்றி இருக்கும் டர்போவுக்கு அதுவே பெரும்பாலும் சரியான முடிவு. பணமும் மிச்சம், சொந்தக் கூடும் மாறாது. கூட்டைப் பார்க்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். அலுமினியக் கூட்டின் உள்சுவரில் சக்கரம் உரசிய தடம் விரல் நகத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கூடு ஆகாது. இடைவெளி கூடிவிட்டது, அழுத்திய காற்று பின்னோக்கிக் கசியும். புகைப்பக்க வார்ப்பிரும்புக் கூட்டில் மிகுதிப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியேற்றும் வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் இருப்பது சூட்டின் இயல்பு. அவை சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தாலோ, வேஸ்ட்கேட் மூடி சரியாக உட்காராவிட்டாலோ கூட்டை மாற்றியாக வேண்டும். இப்படி இரண்டு கூடுகளும் கோரும் மாறினால், புதிய டர்போவுக்கும் இதற்கும் விலையில் பெரிய தூரம் இருக்காது. அப்போது புதியதே நல்லது.

வேறொரு எல்லைக்கோடும் உண்டு, அது டர்போவின் வகை. நம் சாலைகளில் டாக்சியாக ஓடிக் களைத்த மாருதி ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களை எடுத்துக்கொள்வோம். 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் என்ஜின்; 75 குதிரைத்திறன்; உள்ளே நிலையான வடிவம் கொண்ட எளிய டர்போ. கோர் மாற்றம் இதற்கு நன்றாகப் பொருந்தும். அதே என்ஜின் எர்ட்டிகா டீசலில் 90 குதிரைத்திறன் தந்தது. அங்கே இருப்பது புகைப்பக்கம் சுற்றிலும் அசையும் தகடுகள் கொண்ட டர்போ. மெதுவாகப் போகும்போது தகடுகள் குறுகிப் புகையைப் பீய்ச்சும், வேகமெடுத்ததும் அகலும். இந்தத் தகடுகள் கரியில் சிக்கிக்கொள்வது வழக்கமான கோளாறு. கோரில் கோளாறே இல்லாமல், தகடு வளையத்தைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் தகடுகள் எவ்வளவு வரை மூடலாம் என்று தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து ஒரு ஸ்க்ரூவில் நிர்ணயித்திருப்பார்கள். கோர் மாற்றும்போது அதை யாராவது கண்மட்டத்தில் திருப்பினால், ஒன்று வண்டி இழுக்காது, இல்லையேல் டர்போ எல்லை மீறிச் சுற்றும். ஆகவே இந்த வகைக்குக் காற்றோட்டத்தை அளந்து சரிசெய்யும் பெஞ்ச் உள்ள இடம் கிடைத்தால் ரீகண்டிஷன். கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் மாற்று டர்போ அல்லது புதியது.

மிகக் குறைந்த விலையில் முழு டர்போவும் விற்கிறார்கள். வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும். நிக்கல் கலவையின் தரத்தையும் பற்றவைப்பையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே அதிலுள்ள சிக்கல். விளிம்பில் 900 கிலோ இழுக்கிறது என்று மேலே சொன்னேனே, அந்த இழுப்பைப் பல்லாயிரம் மணி நேரம் 800 டிகிரியில் தாங்குமா என்பதை விலைச்சீட்டு சொல்லாது. பெயர் தெரியாத புதியதைவிட, சான்றோடு புதுப்பித்த ஒரிஜினலையே நான் நம்புவேன்.

காரின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மிஞ்சி ஓடுபவை எல்லாம் வயதேறியவை. டர்போவுக்குச் செலவழிப்பதற்கு முன் சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் கிராங்க்கேஸ் அழுத்தத்தையும் ஆயில் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளும் என்ஜினில் எந்த டர்போவும் நிலைக்காது. என்ஜின் திடமாக இருந்து வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் புதியதற்குச் செலவழிப்பது நியாயம்.

பூட்டும் வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் வரும் குழாய் புதிதாக இருக்கட்டும். உள்ளே படிந்த கரி கழுவினாலும் முழுதாகப் போகாது. பழைய டர்போவின் சக்கரம் உடைந்து சிதறியிருந்தால் இன்டர்கூலரையும் மாற்ற வேண்டும், அதன் மெல்லிய தடங்களில் சிக்கிய உலோகத் துணுக்கை எவராலும் முழுதாக எடுக்க முடியாது. புகைக்குழாயில் ஆயில் போயிருந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அடைப்பு இருந்தால் புகைப்பக்கம் அழுத்தம் கூடி, த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் குழாய்களின் கேஸ்கெட்டில் சிலிகான் பசை தடவவே கூடாது. பிதுங்கிய துளி ஒன்று போதும், ஆயில் வழியை அடைக்க.

ஆயிலும் ஃபில்டரும் புதிது. டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். எரிபொருள் ஓடாதபடி துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சில முறை சுற்றினால் ஆயில் மேலே ஏறும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடங்கள் ஐடிலில் விட்டு, எல்லா இணைப்பிலும் கசிவு பார்க்க வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்தை வழக்கத்தைவிட முன்னதாக, 1,000 கிலோமீட்டரிலேயே செய்துவிட்டு, கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து அதன் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெண்கல நிறத்தில் மினுக்கும் துகள்கள் தெரிந்தால், டர்போவைத் தொடுவதற்கு முன் சம்ப்பை மறுபடியும் இறக்க வேண்டும்.